ஃபுல் ஸ்பெக்ட்ரம் பல்பு வாங்குமுன் சிவப்பைத் தேடுங்கள்

பெங்களூர் சிக்பேட்டையில் பட்டு எடுக்க வருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் கண் கூசும் அளவுக்கு விளக்கு எரியும். ஆனாலும் புடவையையும் பிளவுஸ் பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்வார்கள். உள்ளே ஒரே அரக்காகத் தெரிந்த இரண்டு துணிகளில் ஒன்று வாசலிலும் அரக்காகவே இருக்கும். மற்றது காபிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். கடைக்காரர்களும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “வெளியில போய்ப் பாத்துட்டு வாங்கக்கா” என்று அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

கோளாறு விளக்கில்தான். அதைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லி ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’, ‘நேச்சுரல் லைட்’, ‘சன்லைட்’ என்ற பெயர்களில் பல்புகள் விற்கின்றன. சாதாரண பல்பைவிட விலை கூடுதல். பெங்களூர் வீடுகளுக்கு இந்தத் தேவை உண்மையாகவே இருக்கிறது. 30க்கு 40 சைட்டில் நாலு மாடி எழுப்பி, பக்கத்து வீட்டுச் சுவர் ஜன்னல் கம்பியை இடிக்கிற மாதிரி கட்டியிருப்பார்கள். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ அப்படிப்பட்ட கட்டடத்தில் கீழ் வீட்டில் குடியிருப்பவர் பகல் 11 மணிக்கும் லைட் போட்டுத்தான் கீரை ஆய வேண்டும். ஜூன் பிறந்தால் மேகமூட்டம் வேறு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். விழித்திருக்கும் நேரம் முழுக்க பல்புக்குக் கீழேதான். ஆகவே நல்ல பல்பு வாங்க நினைப்பதில் தப்பே இல்லை. அதைப் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

9 வாட் (மின்சாரச் செலவு), 900 லூமென் (வெளிச்சத்தின் மொத்த அளவு), 6500 கெல்வின் (ஒளி மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும் நிற வெப்பநிலை; எண் ஏற ஏற வெள்ளை) என்பவை அளந்து பார்க்கக்கூடிய எண்கள். ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ அப்படிப்பட்டதல்ல. அதற்குச் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட தொழில்நுட்ப வரையறை எதுவும் கிடையாது. அது விளம்பரச் சொல், அதுவும் பழைய சொல். டைம்லாப்ஸ் படப்பிடிப்பில் பேர் வாங்கிய ஜான் ஆட் என்ற அமெரிக்கர் 1960களில், செடிகொடிகளுக்கும் மனிதர்களுக்கும் சூரிய ஒளியின் எல்லாப் பகுதியும் வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சோடு சொல்லும் பரவியது. அதை நம்பி டியூப்லைட்டுகளும் சந்தைக்கு வந்தன. படிப்பு ஏறும், சோர்வு போகும், பிள்ளைகளின் அடம் குறையும் என்றெல்லாம் சொல்லி விற்றார்கள். இப்படி மருத்துவப் பலன் சொல்லி விற்பதை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் கண்டித்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, அந்தப் பலன்களுக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 1994இல் அறிக்கை வெளியிட்டது. டியூப்லைட்டே வழக்கொழிந்துகொண்டிருக்கிறது, சொல் மட்டும் எல்.இ.டி. பெட்டிக்கு மாறி உட்கார்ந்துகொண்டது.

ஆன்லைனில் தேடினால் குழப்பம் இன்னும் அதிகம். அதே சொல்லைப் போட்டால் பால்கனியில் செடி வளர்ப்பவர்களுக்கான ‘குரோ லைட்’ வரும். ஆமை, ஓணான் வளர்ப்பவர்களுக்கான புறஊதா விளக்கும் வரும். மூன்றும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். செடி விளக்குகள் பலவற்றை வாங்கி ஹாலில் மாட்டினால் ஒளி இளஞ்சிவப்படித்துக்கொண்டு முகம் பார்க்கச் சகிக்காது. ஊர்வன விளக்கை வீட்டில் வெளிச்சத்துக்காக மாட்டவே கூடாது. புறஊதாக் கதிர் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்.

குண்டு பல்போடு போனது

இவ்வளவு பேசுகிறோமே, நிஜமாகவே முழு நிறமாலையை, அதாவது வானவில்லின் எல்லா நிறத்தையும் விடாமல், தரும் பல்பு நம் வீடுகளில் இருந்தது. குண்டு பல்புதான். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905இல் பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வீட்டு வெளிச்சம் என்றால் டங்ஸ்டன் இழை சூடேறி எரிகிற அந்த மஞ்சள் ஒளிதான். சூடான பொருள் ஒளிரும்போது ஊதாவிலிருந்து சிவப்பு வரை இடைவெளியில்லாமல் எல்லா நிறமும் வரும். பூஜையறைக் குத்துவிளக்கிலும் நடப்பது இதேதான். சுடருக்குள் சூடேறிய கரித்துகள்கள்தான் மஞ்சளாக ஒளிர்கின்றன. நீலம் குறைவு, சிவப்பு அதிகம் என்பது வேறு விஷயம். எந்த நிறமும் விட்டுப்போகவில்லை.

ஆனால் குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாகவில்லை, மிச்சமெல்லாம் சூடு. டியூப்லைட் வந்தது, சி.எஃப்.எல். வந்தது, கடைசியில் எல்.இ.டி. வந்தது. பெஸ்காம் கரண்ட் பில் குறைந்தது. கூடவே நிறமாலையும் மெலிந்தது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பரணில் கிடக்கிற பழைய சி.டி. ஒன்றை எடுங்கள். அறையில் ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டுவிட்டு, அந்த விளக்கின் பிம்பம் சி.டி.யில் வானவில்லாக விரிகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். குண்டு பல்பாக இருந்தால் சிவப்பிலிருந்து ஊதா வரை ஒரே நீட்டாக வழுவழுவென்று ஓடும். சி.எஃப்.எல். என்றால் பட்டையும் வெட்டுமாகத் தெரியும்: பச்சையாக ஒரு கோடு, ஆரஞ்சாக ஒரு கோடு, நடுவில் இருட்டு. சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் பளிச்சென்று நிற்கும், அதையடுத்து நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே மங்கிய பள்ளம், அப்புறம் பச்சையும் மஞ்சளும் தாராளம், கடைசியில் அடர்சிவப்பு வருவதற்குள் தேய்ந்துவிடும். இரண்டு பல்பை அடுத்தடுத்து இப்படிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

அந்த நீல முனைக்கும் பள்ளத்துக்கும் காரணம் எல்.இ.டி. செய்யப்படுகிற விதம். எல்.இ.டி. சில்லு ஒரு குறுகிய நிறத்தை மட்டுமே தரும். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பளிச்சென்ற நீலம்தான் கைகூடாமல் இழுத்தடித்தது. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோரின் உழைப்பில் 1990களின் தொடக்கத்தில் அது கைக்கு வந்தது; அதற்காக மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசினால் நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாறும். மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். பல்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே தகட்டின்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள் இருக்குமே, அதுதான் அந்தப் பாஸ்பர்.

வெள்ளையாகத் தெரிவது வேறு, வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருப்பது வேறு. வெள்ளைச் சுவருக்கும் காகிதத்துக்கும் எது இருந்தாலும் சரிதான். அரக்குப் புடவைக்குச் சரிப்படாது. அரக்கு என்பது அடர்சிவப்பைத் திருப்பியனுப்பி மற்றதையெல்லாம் விழுங்கிக்கொள்கிற சாயம். வருகிற ஒளியிலேயே அடர்சிவப்பு இல்லையென்றால் எதைத் திருப்பியனுப்பும்? பழுப்பாகக் கிடக்கும். இரண்டு சாயங்கள் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொரு விளக்கில் பிரிவதும் இதனால்தான். இரண்டும் வேறு வேறு அலைநீளங்களைத் திருப்பியனுப்பும். விளக்கில் அந்த அலைநீளம் வராதபோது வித்தியாசம் மறைந்துபோகும். தக்காளி, மாதுளை, மிளகாய்த்தூள், முகத்தின் ரத்த ஓட்டம் எல்லாமே சிவப்பைச் சார்ந்தவை. வெள்ளை லைட்டில் வீட்டார் எல்லோரும் காய்ச்சல்காரர்கள் மாதிரி தெரிவதற்குக் கண்ணாடியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சராசரியில் சேராத பாடம்

நிறத்தைப் பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு: சி.ஆர்.ஐ. சி.ஐ.இ. என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் 1960களில் கொண்டுவந்தது. சில பெட்டிகளில் ‘ஆர்.ஏ.’ என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். உச்சம் 100. சாதாரண எல்.இ.டி. பெட்டியில் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘80க்கு மேல்’ என்றிருக்கும்.

80 என்றதும் நல்ல மார்க் மாதிரி இருக்கிறது. அந்த மார்க் போடும் விதத்தில்தான் ஓட்டை. எட்டு வெளிர்நிற மாதிரிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு சராசரி எடுக்கிறார்கள். அடர்சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அதன் பெயர் ஆர்9. அது சராசரியில் சேராது. எட்டுப் பாடத்தில் 80 வாங்கிய பையன் ஒன்பதாவது பாடத்தில் வெறும் 5 வாங்கியிருந்தாலும் ரேங்க் கார்டில் அது தெரியாது என்பது போலத்தான். சி.ஆர்.ஐ. 80 உள்ள பல்புகள் பலவற்றில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியே கிடக்கும். பூச்சியத்துக்குக் கீழே போவதும் உண்டு.

ஆகவே பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல். ஆர்9 குறைந்தது 50. கலிபோர்னியாவில் வீடு கட்டுவதற்கான ஆற்றல் விதிகளில் உயர்திறன் விளக்குக்கு இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டியில் ஆர்9 அச்சாகியிருந்தால் அபூர்வம். கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் டேட்டா ஷீட்டில் இருக்கலாம். அதிலும் இல்லை, ஆனால் பெட்டி முழுக்க சூரியன் படம் போட்டு ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ என்றிருந்தால் நான் வாங்க மாட்டேன். எண் நன்றாக இருந்தால் அச்சடிக்காமல் விட எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது.

2015இல் அமெரிக்க ஒளியியல் பொறியாளர் சங்கம் 99 நிற மாதிரிகளை வைத்து டி.எம்.-30 என்ற இன்னும் நுட்பமான அளவையைக் கொண்டுவந்தது. வீட்டு பல்புப் பெட்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சி.ஆர்.ஐ.யில் இன்னொரு நெளிவு உண்டு. ஒரு பல்பை ஒப்பிடுவது அதே நிற வெப்பநிலையில் உள்ள இலட்சிய ஒளியோடுதான். 2700 கெல்வின் மஞ்சள் பல்பு என்றால் மஞ்சளாக எரியும் இழையோடு ஒப்பிடுவார்கள். 6500 கெல்வின் என்றால் பகல் ஒளியோடு. அதனால் குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100 கிடைத்துவிடும். ஆனால் அதில் நீலம் குறைவு என்பதால் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஆபீஸுக்கு அவசரமாகக் கிளம்பி ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், மறு காலில் நீலம் என்று போனவர்களுக்கு இது தெரியும். துணி பார்க்க வேண்டிய பீரோப் பக்கம் உயர் சி.ஆர்.ஐ. மட்டும் போதாது, 4000 கெல்வினுக்கு மேல் போகவும் வேண்டும். அச்சகங்களில் கலர் புரூஃப் பார்க்க 5000 கெல்வின் ஒளியைத்தான் தரமாக வைத்திருக்கிறார்கள். ஆனந்தா நீலத்தையும் மயில்கழுத்தையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போவது நல்லது.

நட்சத்திரம் எதற்குக் கிடைக்கிறது

நல்ல சிவப்பு தரும் பாஸ்பர் இருக்கிறதே, எல்லாக் கம்பெனியும் ஏன் அதைப் போடுவதில்லை? பாஸ்பர் விலை ஒரு காரணம். பெரிய காரணம் லூமென் என்ற அளவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில், மிகவும் கூர்மையாகப் பார்க்கும். 650 நானோமீட்டர் அடர்சிவப்பில் அந்தக் கூர்மை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். லூமெனைக் கணக்கிடும்போது இந்தக் கூர்மையால் பெருக்கித்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு வாட் சக்தியைச் சிவப்பாக அனுப்பினால் கணக்கில் லூமென் கொஞ்சம்தான் ஏறும்; அதையே பச்சை மஞ்சளாக அனுப்பினால் அள்ளிக்கொடுக்கும். பி.இ.இ. (மத்திய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பு) நட்சத்திர முத்திரை ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதைப் பார்த்துத் தரப்படுகிறது. எல்.இ.டி. பல்புக்கு அந்த முத்திரை 2018 முதல் கட்டாயம். சிவப்பை நன்றாகக் காட்டுகிற பல்பு இந்தப் பந்தயத்தில் பின்தங்கத்தான் செய்யும்.

நட்சத்திரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா என்ற மலிவு விலை எல்.இ.டி. திட்டத்தில் அரசு மொத்தமாக வாங்கியதில் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய் வரை இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கர்நாடகத்தில் இதையே ‘ஹொஸ பெளகு’ என்ற பெயரில் கொடுத்தார்கள். குண்டு பல்பு எரிந்த வீடுகளில் மின்கட்டணம் குறைந்தது பெரிய காரியம். ஆனால் மலிவும் மிச்சமும் மட்டுமே போட்டியாக இருந்த இடத்தில் நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கம்பெனிகளும் சொல்லவில்லை. இன்றும் கடைகளில் கேட்கிற கேள்வி இரண்டுதான்: எத்தனை வாட்? வெள்ளையா, மஞ்சளா?

அந்த இரண்டாவது கேள்வியும் முக்கியம்தான். ஆனால் 6500 கெல்வின் ‘கூல் டே லைட்’டைத்தான் பலர் ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பகல் வெளிச்சத்தின் நிறச் சாயல் அதில் இருக்கிறதே தவிர, உள்ளடக்கம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 3000 கெல்வினில் சி.ஆர்.ஐ. 95 உள்ள பல்பும் உண்டு, 6500 கெல்வினில் 75 உள்ளதும் உண்டு. நிற வெப்பநிலை வேறு, நிற நேர்மை வேறு. சுவிட்சைத் தட்டித் தட்டி மூன்று நிறம் மாற்றுகிற பல்பும், போனில் கட்டுப்படுத்துகிற ஸ்மார்ட் பல்பும் மாற்றித் தருவது முதலாவதை. இரண்டாவது அதனால் தானாக உயராது.

எல்.இ.டி.யிலேயே நிறமாலையை ஒழுங்காக நிரப்பியவையும் இருக்கின்றன. நீலச் சில்லுக்குப் பதில் ஊதாச் சில்லை வைத்து, அதன்மேல் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று பாஸ்பர்களையும் பூசும் முறை ஒன்று. சி.டி.யில் பார்த்தால் அந்த நீல முனையும் பக்கத்துப் பள்ளமும் பெரும்பாலும் சமமாகியிருக்கும். சி.ஆர்.ஐ. 95க்கு மேல் வரும். ‘ஃபுல் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது நியாயம் செய்பவை இவைதான். அருங்காட்சியகங்களுக்கும் நகைக்கடைகளுக்கும் இவ்வகை விளக்கு பயன்படும். வீடு முழுக்க இதையே மாட்டுவது, என்னைக் கேட்டால், வீண் செலவு.

உடம்புக்கு நல்லதா?

பெட்டிகளில் இப்போது ‘மூட்’, ‘வெல்னஸ்’ என்ற சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

வைட்டமின் டி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குப் புறஊதா பி கதிர் வேண்டும், வீட்டு எல்.இ.டி. பல்பில் அது வராது. ஜன்னல் கண்ணாடியே அதைத் தடுத்துவிடுகிறது, அப்புறம் பல்பு எங்கே.

தூக்கம், விழிப்பு விஷயத்தில் விஷயம் இருக்கிறது. பார்ப்பதற்கான செல்கள் போக, வெளிச்சத்தின் அளவை உணர்ந்து மூளையின் கடிகாரத்துக்குச் சேதி சொல்கிற வேறொரு வகைச் செல்லும் விழித்திரையில் இருப்பது 2002இல் நிறுவப்பட்டது. அதிலுள்ள மெலனாப்சின் என்ற நிறமி 480 நானோமீட்டர் பக்கத்து ஒளிக்கு அதிகம் அசையும். சி.டி.யில் பார்த்த அந்தப் பள்ளம் விழுவதும் கிட்டத்தட்ட அங்கேயேதான். பள்ளத்தை நிரப்பிவிட்டோம், ஆகவே உடம்புக்கு நல்லது என்று சிலர் விற்பதற்கு இதுதான் அடிப்படை. அடிப்படை பொய்யில்லை. ஆனால் இங்கே தரத்தைவிட அளவுதான் பேசுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10க்கு 12 அடி அறை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். 9 வாட் பல்பு ஒன்று 900 லூமென் தருகிறது. சுவரும் சீலிங்கும் தின்றது போக பாதி மேசைக்கு வந்து சேர்ந்தால் சுமார் 40 லக்ஸ் (லக்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்). டியூப்லைட் மாதிரி நீளமான 20 வாட் எல்.இ.டி. பேட்டன் இரண்டு போட்டால் 180 பக்கம் போகலாம். அதே நேரத்தில் மேகம் மூடிய பகலில் மொட்டை மாடியில் 10,000 லக்ஸ் சர்வ சாதாரணம். நேர் வெயிலில் அது லட்சத்தைத் தொடும். பகலில் கண்ணருகே குறைந்தது 250 லக்ஸ், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் 10க்கு மேல் போகாமல், தூங்கும்போது 1க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்று பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 2022இல் பரிந்துரைத்தார்கள். இவை அந்த மெலனாப்சின் கணக்குக்கென்று எடைபோட்ட லக்ஸ். மஞ்சள் பல்பின் சாதாரண லக்ஸில் ஏறக்குறைய பாதிதான் இந்தக் கணக்கில் சேரும். எப்படிப் பார்த்தாலும் ஒற்றை பல்பு தொங்குகிற அறையில், பல்பின் பெயர் என்னவாக இருந்தாலும், பகலுக்கு வேண்டியது கிடைக்காது. மேசையை ஜன்னலோரம் நகர்த்துவது, காலையில் அரை மணி நேரம் மாடியில் காபி குடிப்பது ஆகியவை எந்த பல்பும் தராததைத் தரும். குளிர்நாடுகளில் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஒளிப்பெட்டி 10,000 லக்ஸ் தருவது. டாக்டர் சொல்லிப் பயன்படுத்துவது. அதையும் 9 வாட் பல்பையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது ஏமாற்று.

இரவில் நிலைமை தலைகீழ். படுக்கையறையில் நீலம் கூடிய உயர்தர ‘டே லைட்’ போடுவது காசு கொடுத்துத் தூக்கத்தைக் கலைத்துக்கொள்வது. 2700 கெல்வின், குறைந்த வாட், முடிந்தால் தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு. அமெரிக்க ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நேரம் மாறிப் பொருந்தும்: வேலை நேரத்தில் பளிச்சென்ற வெள்ளை, முடித்துவிட்டு வந்தால் மங்கல் மஞ்சள், ஜன்னலுக்குக் கனத்த திரை.

எல்.இ.டி.யின் நீலம் கண்ணைக் கெடுக்கும் என்ற பயமும் சுற்றுகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டில் அப்படிப் பாதிப்பு வருவதற்கு ஆதாரமில்லை என்பது ஐரோப்பிய அறிவியல் குழுவின் 2018 முடிவு. தலைவலிக்கு நீலத்தைவிடத் துடிப்புதான் அதிகம் காரணமாக இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான டிரைவர் (பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) உள்ள பல்பு நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. பல்புக்கு முன்னால் பேனாவை வேகமாக ஆட்டினால் கோடு கோடாகப் பிரிந்து தெரியும். போனில் ஸ்லோமோஷன் எடுத்தால் அப்பட்டமாகத் தெரியும். சி.ஆர்.ஐ. 95 இருந்தும் துடிக்கிற பல்பைப் படிக்கிற மேசையில் வைக்கக் கூடாது.

கடையில்

பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் லைட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கவுன்டரில் ஹோல்டர்கள் பதித்த டெஸ்டிங் போர்டு இருக்கும். பல்பை மாட்டி எரிகிறதா என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் போர்டுதான் நமக்கு வேண்டிய சோதனைச்சாலை. ஒரே நிற வெப்பநிலையில் ஒரு சாதாரண பல்பையும் ஒரு சி.ஆர்.ஐ. 90 பல்பையும் பக்கத்துப் பக்கத்தில் எரியவிடச் சொல்லுங்கள். ஒன்றை அணைத்து ஒன்றைப் போட்டால் கண் உடனே பழகிக்கொள்ளும், வித்தியாசம் பிடிபடாது. ஒவ்வொரு பல்புக்குக் கீழும் ஒரு உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். சிவப்பு குறைந்த ஒளியில் உள்ளங்கை சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். நல்ல ஒளியில் ரத்தம் ஓடுவது தெரியும். கைப்பையில் அரக்குத் துணித் துண்டு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. “என்ன சார், கை ஜோசியமா?” என்று கடைப்பையன் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

எங்கெங்கே மாட்டுவது? என் கணக்கில் ஒரு சராசரி இரண்டு படுக்கையறை வீட்டுக்கு உயர் சி.ஆர்.ஐ. விளக்கு மூன்று இடங்களில் போதும். சமையல் மேடைக்கு மேலே. கீரையில் பழுப்பு இலை, அரிசியில் கல், கறியின் புதுமை எல்லாம் அங்கேதான் பார்க்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் துணி பீரோவுக்கும் அருகே ஒன்று. படிக்கிற, தைக்கிற, படம் வரைகிற மேசையில் ஒன்று. மூன்றுக்கும் 4000 கெல்வின் பொருந்திப்போகும். துணி இடத்துக்கு மட்டும் 5000 வரை போகலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கிற இடத்திலும் நல்ல ஒளி உதவும். ஆனால் தோலில் மஞ்சள் தட்டுகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வார்கள் டாக்டர்கள். அதற்கு ஜன்னலை நம்புங்கள். ஹால், வராந்தா, படிக்கட்டு, பாத்ரூமுக்கெல்லாம் நட்சத்திரம் அதிகம் உள்ள சாதாரண பல்பே தாராளம். ஒரே அறைக்குள் மட்டும் ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள் என்று கலக்காதீர்கள்; எவ்வளவு நல்ல பல்பாக இருந்தாலும் நிறம் குழம்பும்.

லூமெனையும் பாருங்கள், வாட்டை மட்டும் பார்க்க வேண்டாம். சி.ஆர்.ஐ. 90 பல்பு அதே வாட்டில் லூமென் கொஞ்சம் குறைவாகத் தரும். 9 வாட் இருந்த இடத்தில் அது மங்கலாகப் பட்டால் 12 வாட் போட வேண்டியிருக்கும். காற்றுப் போகாத மூடிய கூண்டுக்குள் மாட்டினால் சூட்டில் டிரைவர் சீக்கிரம் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய நல்ல பல்பை அங்கே வைக்க வேண்டாம்.

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் பதிக்கிற பேனல் லைட்டுக்குச் செலவு செய்தால் அது ஓனருக்குத்தான் மிச்சம். சுவரில் இருக்கிற பழைய பி22 ஹோல்டரிலேயே (அழுத்தித் திருப்பி மாட்டுவது) மாட்டுகிற மாதிரி உயர் சி.ஆர்.ஐ. பல்பாகப் பார்த்து வாங்குங்கள்; கிடைக்காவிட்டால் திருகு பல்புக்கான மாற்று அடாப்டர் எல்லா எலக்ட்ரிகல் கடையிலும் இருக்கிறது. மேசைக்கு கிளிப் வைத்த விளக்கு. கழற்றிய சாதாரண பல்புகளைத் தூக்கிப் போடாமல் பெட்டியோடு பரணில் வையுங்கள். வீடு காலி செய்கிற அன்று நல்லதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பழையதை மாட்டிவிடலாம். பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கப்போகிற ஓனர், பல்புக்கும் சேர்த்து அட்வான்ஸில் கை வைக்க வேண்டாமே.